யூகான் ஆற்றில் இரண்டு வாரம்: வைட்ஹார்ஸிலிருந்து டாசன் வரை கனூவில் போவது எப்படி

கனடாவின் வடமேற்கு மூலையில், யூகான் ஆற்றின் மேல் இருக்கும் வைட்ஹார்ஸ் நகரின் கரையில் ‘கிளாண்டைக்’ என்ற பழைய நீராவிக் கப்பலைக் கரையேற்றி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அது இங்கிருந்து டாசன் சிட்டிக்கு நீரோட்டத்தோடு சுமார் 36 மணி நேரத்தில் போய்விடும். எதிர்நீரில் திரும்பி வர நான்கைந்து நாள். அதே வழியில் நாம் கனூவில், அதாவது இரு முனையும் குறுகிய திறந்த படகில், துடுப்புப் போட்டுப் போனால் இரண்டு வாரம் ஆகும். தூரம் சுமார் 715 கிலோமீட்டர். நடுவில் கார்மாக்ஸ் என்று ஒரே ஒரு சின்ன ஊர். மற்றபடி காடு, மணல்திட்டு, கரடி, காற்று.

கனடாவின் வடக்கில் இதைவிட ஆளரவமில்லாத ஆறுகள் நிறைய உண்டு. நஹானிக்கும் தெலானுக்கும் சிறிய விமானத்தில் போய் இறங்க வேண்டும். யூகானுக்கு அதெல்லாம் தேவையில்லை. படகைத் தலையில் சுமந்துகொண்டு காட்டுக்குள் நடக்க வேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. ஆறே இழுத்துக்கொண்டு போகும். பாதி வழியில் ஊர் வந்துவிடும். அதனால்தான் முதல் நெடும்பயணத்துக்கு இதைச் சொல்கிறேன். ஆனால் இதில் துடுப்புப் போடுவது சின்ன வேலைதான். எப்போது போடக் கூடாது என்று தெரிந்து கரையில் உட்கார்ந்திருப்பதுதான் பெரிய வேலை. இந்த வழிகாட்டியில் பாதி அதைப் பற்றித்தான்.

எந்த மாதம், எத்தனை நாள்

வைட்ஹார்ஸிலிருந்து அரை நாள் போனால் லபார்ஜ் ஏரி. ஆற்றில் பனி உருகி ஓடிய பிறகும் இந்த ஏரியின் பனிக்கட்டி மே கடைசி வரை, சில வருடங்களில் ஜூன் தொடக்கம் வரை கிடக்கும். ஆகவே ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூனில் போனால் இரவே கிடையாது. இரவு பதினோரு மணிக்குச் சமைக்கலாம், இரண்டு மணிக்குப் படகை எடுக்கலாம். ஆனால் கொசு! நம் ஊர்க் கொசுவை நினைத்துக்கொண்டு போகாதீர்கள். தலையை மூடும் வலை இல்லாமல் சோறு சாப்பிட முடியாத மாலைகள் உண்டு. ஆகஸ்ட் பாதிக்கு மேல் கொசு குறையும், இரவு இருட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் வடதுருவ ஒளியும் தெரியும். அதற்கு விலையாகக் காலையில் கூடாரத்தின் மேல் உறைபனி. என் ஓட்டு ஆகஸ்ட் முதல் மூன்று வாரத்துக்கு.

நாள் கணக்கு இப்படி: ஏரியைத் தாண்டிவிட்டால் நீரோட்டமே மணிக்கு 6 முதல் 10 கிலோமீட்டர் வரை இழுக்கும். தினமும் ஆறு மணி நேரம் படகில் இருந்தால் 50, 60 கிலோமீட்டர் போய்விடலாம். காகிதத்தில் போட்டால் 12 நாள் வரும். 16 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு நாளும் காற்றுக்காக ஒதுக்கியவை. டாசன் சேரும் நாளுக்கு மறுநாளே விமானச் சீட்டுப் போட்டவர்கள்தான் காற்றடிக்கும்போது ஏரியில் இறங்குகிறார்கள்.

போய்ச் சேர்வதும் படகும்

வான்கூவர் வழியாக வைட்ஹார்ஸுக்கு விமானம் இருக்கிறது. இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருகிறவர்களுக்குக் கனடா விசா வேண்டும், அதை மாதக்கணக்கில் முன்கூட்டியே பாருங்கள். படகைக் கொண்டுபோக வேண்டாம். வைட்ஹார்ஸில் வாடகைக்குக் கொடுக்கிறார்கள், டாசனில் விட்டுவிட்டு வந்தால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

கேட்க வேண்டியது 17 அடி நீளப் பயணக் கனூ, பிளாஸ்டிக் உடல், இருவர் உட்காருவது. பந்தயத்துக்கான ஒல்லிப் படகும் வேண்டாம், ஏரிக்கரை விடுதிகளில் இருக்கும் தட்டையான படகும் வேண்டாம். இரண்டு பேருக்கு மூன்று துடுப்பு. ஒன்று உடையும் அல்லது மிதந்து போகும். கனடாவின் சட்டப்படி ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், மிதக்கும் 15 மீட்டர் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம், ஒரு விசில், இவை படகில் இருக்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதாது, உடம்பில் இருக்க வேண்டும். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

தண்ணீரின் குளிர்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

யூகானின் நீர் மலைப்பனியும் பனிப்பாறையும் உருகி வருவது. ஜூலையிலும் கையை விட்டால் எலும்பு வலிக்கும். இப்படிப்பட்ட நீரில் விழுந்தால் என்ன ஆகும் என்பதை மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தவர். அவர் பரப்பிய கணக்கு 1-10-1. விழுந்த முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. திணறித் திணறி இழுக்கும், அப்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் அதோடு முடிந்தது. அடுத்த 10 நிமிடம் கைகால் வேலை செய்யும், அப்புறம் விரல் மடங்காது, கயிறு பிடிக்க முடியாது. நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும்.

இதைக் கேட்டவுடன் எல்லோரும் அந்தக் கடைசி ஒரு மணி நேரத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள், ‘அதற்குள் நீந்திவிடலாமே’ என்று. அப்படியில்லை. முதல் நிமிடத்தில் உங்களை மிதக்க வைக்க ஜாக்கெட் இல்லை என்றால் மற்ற கணக்குக்கே போக மாட்டீர்கள். பத்து நிமிடத்தில் கரை சேர முடியாத தூரத்தில் இருந்தால் நல்ல நீச்சல்காரருக்கும் எனக்கும் வித்தியாசம் கிடையாது. ஆகவே விதி ஒன்றுதான்: கரையை ஒட்டியே போக வேண்டும், நடு ஆற்றுக்கோ நடு ஏரிக்கோ காரணமில்லாமல் போகக் கூடாது.

உடையிலும் இதே கணக்கு. பருத்தித் துணி ஈரமானால் காயாது, உடம்பின் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். உள்ளாடை முதல் சாக்ஸ் வரை கம்பளி அல்லது செயற்கை இழை. மேலே நல்ல மழைக்கோட்டு, மழைக் கால்சட்டை. காலுக்கு முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் சேற்றில் இறங்கித் தினமும் படகை இழுக்கிறவருக்கு அதன் அருமை தெரியும். ஒரு முழு மாற்றுடை, தீப்பெட்டி, கொஞ்சம் மிட்டாய், இவற்றை நீர்புகாத சின்னப் பையில் கட்டி அதை மட்டும் எந்த அவசரத்திலும் திறக்காமல் வைத்திருங்கள். கவிழ்ந்த அன்றைக்கு அது வேண்டும்.

வீட்டில் இருக்கும்போதே பழக வேண்டியவை

பெரிய பயிற்சி ஒன்றும் தேவையில்லை, ஆனால் நான்கு விஷயம் கைக்கு வந்திருக்க வேண்டும். பின்னால் உட்காருபவர் துடுப்பை இழுத்து முடிக்கும்போது வெளிப்பக்கம் திருப்பித் தள்ளி, பக்கம் மாற்றாமலே படகை நேராக ஓட்டுவது. படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராகச் சாய்வாக வைத்து ஆற்றைக் குறுக்கே கடப்பது. ஓடும் நீரிலிருந்து கரையோர எதிர்ச்சுழலுக்குள் திரும்பி நிற்பது. நான்காவது, கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வருவது. கடைசியை வெயில் நாளில், வெதுவெதுப்பான குளத்தில் வேண்டுமென்றே கவிழ்த்துப் பழகுங்கள். ஒரு வார இறுதிப் பயிற்சி போதும். அதுகூட இல்லாமல் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆற்றின் கருணையில் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள். அதை நம்பிப் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாட்டு மூட்டை

இங்கே நமக்கு ஒரு வசதி இருக்கிறது. மற்றவர்கள் பெரிய விலை கொடுத்து உலரவைத்த உணவுப் பொட்டலம் வாங்குவார்கள். நம் சமையலில் பாதி ஏற்கெனவே உலர்ந்ததுதான். அரிசி, பாசிப்பருப்பு, வறுத்த ரவை, அவல், பருப்புப் பொடி, ரசப் பொடி, காய்ந்த வடகம், புளியும் மிளகாயும் வதக்கிச் செய்த தொக்கு. குளிரில் நடுங்கிக் கரையேறிய மாலையில் ஒரு குவளை சூடான மிளகு ரசம் செய்யும் வேலையை எந்தப் பொட்டலமும் செய்யாது. பாசிப்பருப்பைக் காலையிலேயே மூடி இறுக்கமான புட்டியில் ஊறப்போட்டுப் படகில் வைத்துவிட்டால் மாலையில் கேஸ் மிச்சம்.

வழக்கமாகச் சாப்பிடுவதைப் போல ஒன்றரை மடங்கு எடுத்துக்கொள்ளுங்கள். குளிரும் உழைப்பும் சேர்ந்து பசி வேறு மாதிரி இருக்கும். நெய்யும் நிலக்கடலையும் கைகொடுக்கும். முதல் பாதிக்கு மட்டும் கட்டிக்கொண்டு மீதியைக் கார்மாக்ஸில் வாங்கலாம், அங்கே கடை இருக்கிறது. ஆனால் புளியோ பெருங்காயமோ எதிர்பார்க்க வேண்டாம்.

பெருங்காயம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கரடியின் மூக்கு நம் மூக்கைவிட மிக மிகக் கூர்மை. சமையலறையில் டப்பா மூடியிருந்தும் நமக்கே வாசம் வருகிற பொருளை இரண்டு உறைக்குள் இறுக்கிக் கட்டாமல் கொண்டுபோகாதீர்கள். எல்லா உணவும் நீல நிற 60 லிட்டர் பிளாஸ்டிக் பீப்பாய்க்குள் போக வேண்டும். வாடகைக் கடையிலேயே கிடைக்கும். இரும்பு வளையத்தால் மூடி இறுகும், கவிழ்ந்தால் மிதக்கும், தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டையும் உண்டு. இருவருக்கு இரண்டு பீப்பாய். அதில் பற்பசையும் சோப்பும் சேர்ந்தே போக வேண்டும்.

கேஸ் குப்பியையும், கரடியை விரட்டப் பீச்சும் மிளகாய்க் காரமான கரடி ஸ்ப்ரேயையும் விமானத்தில் எந்தப் பையிலும் ஏற்ற முடியாது. வைட்ஹார்ஸில் இறங்கி முதல் வேலையாக வாங்குங்கள். கூடவே ஆற்றின் வளைவுக்கு வளைவு வரைந்த வரைபடப் புத்தகம் ஒன்று. தங்கும் இடம், தண்ணீர் கிடைக்கும் ஓடை, பழைய குடிசை எல்லாம் குறித்திருக்கும். மீன்பிடி உரிமமும் வேண்டுமென்றால் இங்கேயே. ஒன்று மட்டும்: சினூக் சால்மனைத் தொடக் கூடாது. இந்த ஆற்றில் அது அழிவின் விளிம்புக்கு வந்துவிட்டதால் 2024-இல் கனடாவும் அலாஸ்காவும் ஏழு வருடம் பிடிப்பதில்லை என்று ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. கிரேலிங் என்ற மீனைப் பிடியுங்கள், சின்ன ஓடைகளின் வாயில் நன்றாகக் கிடைக்கும்.

சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் கிளம்பாதீர்கள். செல்போன் வைட்ஹார்ஸிலும் கார்மாக்ஸிலும் டாசனிலும்தான் எடுக்கும். வீட்டில் ஒருவரிடம் ‘இந்தத் தேதிக்குள் செய்தி வராவிட்டால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தேதியிலும் இரண்டு நாள் தாராளமாக வையுங்கள், பாவம் அவர்கள்.

முதல் கட்டம்: லபார்ஜ்

ரோட்டரி பீஸ் பார்க்கின் கரையில் படகை இறக்கி, கனமானதை நடுவில் அடியில் வைத்து, எல்லாவற்றையும் கயிற்றால் பிணைத்துக் கட்டிவிட்டுக் கிளம்புங்கள். மூக்கு ஒரு விரலளவு தூக்கலாக இருப்பது நல்லது. ஆறு பச்சைக் கண்ணாடி மாதிரி இருக்கும், சில மணி நேரம் இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் இல்லை என்று தோன்றும். அப்புறம் நீரோட்டம் மெதுவாகச் செத்துப்போகும். எதிரே ஏரி.

லபார்ஜின் நீளம் சுமார் 50 கிலோமீட்டர். அகலம் 2 முதல் 5 கிலோமீட்டர். இருபுறமும் மலை, நடுவே நீண்ட குழாய் மாதிரி இந்த ஏரி. காற்று அதில் நீளவாக்கில் ஓடும்போது அலை எழும்ப இடம் தாராளம். அரை மணி நேரத்தில் கண்ணாடி போலிருந்த நீர் ஒரு மீட்டர் அலையாக மாறும். மொத்தப் பயணத்திலும் ஆபத்தான இடம் இதுதான். படத்தில் பார்த்துப் பயப்படும் ரேப்பிட்ஸ், அதாவது பாறைகளுக்கிடையே நீர் சீறிப் பாயும் இடங்கள் எல்லாம் இதற்கு அப்புறம்தான்.

வலது கரையை, அதாவது கிழக்குக் கரையை ஒட்டிப் போவது வழக்கம். ஏரி முடிந்து ஆறு தொடங்கும் வாய்க்கு அதுவே நேர்வழி. குறுக்கே கடக்க வேண்டுமென்றால் ஏரியின் தொடக்கத்திலேயே, நீர் அசையாத நேரத்தில் கடந்துவிடுங்கள். அதன் பிறகு கரையிலிருந்து கல்லெறி தூரம். சில இடங்களில் கரை செங்குத்துப் பாறை, இறங்க இடமிருக்காது. அப்படிப்பட்ட பகுதிக்கு முன்னால் நின்று வானத்தைப் பாருங்கள், சந்தேகமாக இருந்தால் அங்கேயே கூடாரம் போடுங்கள்.

நானும் நண்பனும் முதல் முறை போனபோது இரண்டாம் நாள் மதியமே காற்று பிடித்துக்கொண்டது. கரையேறினோம். அன்று மாலை அடங்கவில்லை. மறுநாள் முழுக்க அடங்கவில்லை. அவன் மணிக்கொரு தடவை ஏரிக்கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “இப்போ பரவாயில்லடா, போயிடலாம்” என்பான். நான் “வெள்ளை நுரை தெரியுதா?” என்று கேட்பேன். “தெரியுது.” “அப்போ உக்காரு.” இப்படியே முப்பது மணி நேரம். நான்காம் நாள் அதிகாலை இரண்டு மணிக்கு விழித்துப் பார்த்தால் எண்ணெய் ஊற்றியது போல் தண்ணீர். எழுப்பி, டீகூடப் போடாமல் கிளம்பி, எட்டு மணிக்குள் ஏரியின் கடைசிக்கு வந்துவிட்டோம். ஒன்பதரைக்கு மறுபடி நுரை.

ஆக, ஏரியில் விதி: அலையின் தலையில் வெள்ளை தெரிந்தால் இறங்காதே. அதிகாலையிலும் பின்னிரவிலும் போ, மதியம் தூங்கு. இந்த ஏரியே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழி உண்டு. மோட்டார் படகில் ஏற்றி ஏரியின் மறுமுனையில் விடச் சொல்லி வாடகைக் கடையில் கேட்கலாம். அல்லது ஜான்சன்ஸ் கிராஸிங்கிலிருந்து டெஸ்லின் ஆற்றில் இறங்கினால் ஏரியைத் தொடாமலே யூகானில் போய்ச் சேரலாம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

தர்ட்டி மைல்: ஆற்றைப் படிக்கக் கற்றுக்கொள்ளும் இடம்

ஏரி முடியுமிடத்திலிருந்து டெஸ்லின் வந்து கலக்கும் ஹூட்டலின்குவா வரை உள்ள சுமார் 50 கிலோமீட்டருக்கு ‘தர்ட்டி மைல்’ என்று பெயர். 1991-இல் கனடாவின் பாரம்பரிய ஆறுகளில் ஒன்றாக அறிவித்தார்கள். தண்ணீர் அவ்வளவு தெளிவு, பத்தடி ஆழத்தில் கூழாங்கல் ஓடுவது தெரியும். வேகம் அதிகம், வளைவுகள் இறுக்கம். ஏரியில் இரண்டு நாள் இழுத்த கைக்கு இது பரிசு மாதிரி.

வளைவுகளில் நீர் வெளிக்கரையை நோக்கித் தள்ளும். அங்கே கரை அரிந்து, வேர் பிடுங்கிய மரங்கள் தண்ணீர் மேல் சாய்ந்து கிடக்கும். நீர் கிளைகளுக்கிடையே புகுந்து போய்விடும், படகும் ஆளும் போக முடியாது, சல்லடையில் மாட்டிய மாதிரி. அதனால் வளைவுக்கு முன்பே உள்பக்கம் ஒதுங்குங்கள். உள்பக்கம் ஆழமில்லாத மணல் இருக்கும், தரை தட்டினால் இறங்கித் தள்ளலாம். மணலில் தட்டிச் செத்தவர் இல்லை.

கரையேறும் முறையும் இங்கே பழகிவிடும். ஓடுகிற நீரில் மூக்கை நேராகக் கரையில் குத்தினால் வால்பக்கம் சுற்றி, படகு சாயும். இடத்தைத் தாண்டுவதற்கு முன்பே படகை முழுக்கத் திருப்பி மூக்கை மேல்நீர்ப் பக்கம் வைத்து, அதே நிலையில் துடுப்புப் போட்டுக்கொண்டே பக்கவாட்டில் கரைக்கு நகர வேண்டும். முன்னால் இருப்பவர் முதலில் கயிற்றோடு இறங்குவார்.

ஹூட்டலின்குவாவுக்கு எதிரே உள்ள தீவில் ‘எவ்லின்’ என்ற நீராவிக் கப்பல் காட்டுக்குள் கரையேறி நின்றபடியே மட்கிக்கொண்டிருக்கிறது. மரங்களுக்கு நடுவே கப்பல், இறங்கிப் பாருங்கள். ஒரு ஆணியைக்கூட எடுக்காதீர்கள், சட்டப்படியும் குற்றம்.

இரவு தங்குவது

ஆற்றிடைக்குறை என்று தமிழில் அழகான சொல் இருக்கிறது, பெரும்பாலும் நிகண்டில்தான் பார்த்திருப்போம். இங்கே தினமும் அதில்தான் படுக்க வேண்டும். ஆற்றின் நடுவே உள்ள கூழாங்கல் திட்டின் மேல்முனை தங்குவதற்கு நல்ல இடம். காற்று வீசும், கொசு குறையும், சுள்ளி நிறையக் கரை ஒதுங்கியிருக்கும், நாலாபுறமும் கண்ணுக்குத் தெரியும். பழைய நீராவிக் கப்பல்களுக்கு விறகு வெட்டிக் குவித்த இடங்களும் ஆற்றோரம் வெட்டவெளியாக உண்டு, வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

இறங்கியதும் முதலில் பத்து நிமிடம் சுற்றிப் பாருங்கள். புதிய கரடித் தடமோ எச்சமோ இருந்தால் எவ்வளவு சோர்வாக இருந்தாலும் அடுத்த திட்டுக்குப் போங்கள். சமைக்கும் இடம், உணவுப் பீப்பாய், கூடாரம் மூன்றும் ஒன்றுக்கொன்று சுமார் 100 மீட்டர் தள்ளி. சமைத்த உடையோடு படுக்க வேண்டாம். நெருப்பைக் கூழாங்கல் மேல், வெள்ளம் ஏறி இறங்கும் பகுதியிலேயே மூட்டுங்கள். கோடையில் காட்டுத்தீத் தடை அடிக்கடி வரும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கரடி எதிரே வந்தால்? ஓடக் கூடாது, அது மட்டும் கூடாது. சேர்ந்து நின்று, அமைதியான குரலில் பேசிக்கொண்டே பின்வாங்க வேண்டும். பெரும்பாலும் அதுவே திரும்பிப் போய்விடும். நெருங்கி வந்தால் ஸ்ப்ரே, ஏழெட்டு மீட்டர் தூரத்தில், முகத்துக்குச் சற்றுக் கீழே. இதற்கு ஸ்ப்ரே இடுப்பில் இருக்க வேண்டும். பைக்குள் இருக்கும் ஸ்ப்ரே கரடிக்குத்தான் உதவும். குட்டியைக் காக்கப் பாய்ந்து மேலே விழுந்துவிட்ட கரடியிடம் குப்புறப் படுத்துக் கழுத்தை மூடிக்கொண்டு அசையாமல் இருக்கச் சொல்வார்கள். பின்தொடர்ந்து வருகிற, இரவில் கூடாரத்துக்குள் வருகிற கரடியிடம் படுக்கக் கூடாது, கையில் கிடைத்ததை எடுத்து அடிக்க வேண்டும்.

இவ்வளவு கரடிப் பாடம் படித்த எனக்கு நடந்தது வேறு. ஒரு மாலை படகைத் திட்டின் மேல் பாதி இழுத்துவிட்டு, ‘போதும்’ என்று கட்டாமல் படுத்தேன். மேலே எங்கோ மழை பெய்து இரவில் ஆறு ஒரு முழம் ஏறிவிட்டது. காலையில் படகு இல்லை. தீவில் இரண்டு பேர், ஒரு கூடாரம், இரண்டு பீப்பாய். நல்ல வேளையாகத் திட்டின் கீழ்முனைச் சுழலில் சுற்றிக்கொண்டிருந்தது, இடுப்பளவு குளிர்நீரில் இறங்கி இழுத்து வந்தேன். அன்றிலிருந்து படகை முழுக்க மேலே ஏற்றி, கவிழ்த்து, மரத்திலோ பெரிய கட்டையிலோ இரண்டு முடிச்சுப் போட்ட பிறகுதான் எனக்கு டீயே.

கார்மாக்ஸும் ஐந்து விரலும்

லிட்டில் சால்மன் என்ற பழைய கிராமத்தில் ஆற்றோரம் பூர்வகுடி மக்களின் கல்லறைகள் உண்டு. ஒவ்வொன்றின் மேலும் வண்ணம் பூசிய சிறு வீடு. உள்ளே நுழையாதீர்கள், படம் எடுக்காதீர்கள். ஆற்றிலிருந்து பார்த்துக்கொண்டு போய்விடுவதே மரியாதை. மொத்த வழியும் ஐந்து பூர்வகுடிகளின் நிலம், இன்றும் அவர்கள் மீன்பிடிக் குடில்களில் வந்து தங்குகிறார்கள். ஆளில்லாத வீடு கைவிட்ட வீடு இல்லை.

வைட்ஹார்ஸிலிருந்து சுமார் 320 கிலோமீட்டரில் கார்மாக்ஸ். குளிக்கலாம், துணி துவைக்கலாம், வீட்டுக்குப் பேசலாம். கடுமையான மழையில் சலித்துப்போனவர்கள் வண்டி பிடித்துத் திரும்புவதும் இங்கிருந்துதான். அது தோல்வி ஒன்றும் இல்லை. டாசனுக்குப் பக்கத்தில் கிளாண்டைக் ஆற்றுப் பகுதியில் தங்கத்தை 1896 ஆகஸ்டில் கண்டெடுத்தவர்களில் ஒருவரான ஜார்ஜ் கார்மாக் பெயரில் அமைந்த ஊர் இது. உடனிருந்த டாகிஷ் பூர்வகுடியினரான ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி இருவர் பெயரிலும் ஊர் வைத்திருக்கலாம்.

கார்மாக்ஸிலிருந்து நான்கைந்து மணி நேரத்தில் ஃபைவ் ஃபிங்கர் ரேப்பிட்ஸ். நான்கு பாறைத் திட்டுகள் ஆற்றை ஐந்தாகப் பிளக்கின்றன. படகு போகக்கூடியது வலது கோடி வழி ஒன்றுதான். அது தெரிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். செய்ய வேண்டியது:

1. பாறை கண்ணில் படுவதற்கு வெகுமுன்பே வலது கரைக்கு வந்துவிடுங்கள். நடுவிலிருந்து கடைசி நேரத்தில் வலப்பக்கம் இழுக்க முயல்வதுதான் இங்கே நடக்கும் தவறு.
2. கரையில் நின்று எல்லாவற்றையும் மறுபடி இறுக்கிக் கட்டி, ஜாக்கெட் கொக்கியைச் சரிபாருங்கள். இருவரும் முட்டி போட்டு உட்காருங்கள், எடை கீழே இறங்கும்.
3. வலது வழியின் வாயில் நீர் நாக்கு மாதிரி வழுவழுப்பாகக் குவிந்து கீழே போகும். அதன் நடுவில் நேராக நுழையுங்கள்.
4. உள்ளே போனதும் நின்ற இடத்திலேயே எழும் அலைகள் இரண்டு மூன்று வரிசை. துடுப்பை எடுக்காமல், வேகமாகப் போட்டுக்கொண்டே இருங்கள். ஓரத்தைப் பிடித்துக்கொள்கிறவர்தான் படகைக் கவிழ்ப்பவர்.

அரை நிமிடத்தில் முடிந்துவிடும். மடியில் கொஞ்சம் தண்ணீர். சத்தம் போட்டுக் கொண்டாடுங்கள், ஆனால் சுமார் பத்துக் கிலோமீட்டரில் ரிங்க் ரேப்பிட்ஸ் வரும். அங்கேயும் வலது கரைதான். அப்படிப் போனால் ரேப்பிட்ஸ் இருந்ததே தெரியாது.

இந்தப் பகுதியில் அரிந்த கரையைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். புல்வேருக்குச் சற்றுக் கீழே சுண்ணாம்பு பூசியது போல் ஒரு வெள்ளைக் கோடு கிலோமீட்டர் கணக்கில் கூடவே வரும். சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா எல்லையோரத்தில் ஒரு எரிமலை வெடித்துக் கொட்டிய சாம்பல் அது.

செல்கர்க், அப்புறம் சேற்றுநீர்

மின்டோ என்ற இடத்தோடு சாலை ஆற்றை விட்டு விலகிப் போய்விடும். இனி டாசன் வரை ஆறு மட்டும்தான். பெல்லி ஆறு வலப்பக்கம் வந்து கலக்குமிடத்துக்கு எதிரே, இடது கரையில் ஃபோர்ட் செல்கர்க். நீரோட்டம் வேகம், ஆகவே முன்கூட்டியே இடப்பக்கம் வந்துவிடுங்கள், தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. 1848-இல் ஹட்சன்ஸ் பே கம்பெனிக்காக ராபர்ட் கேம்பல் இங்கே வணிகக் கோட்டை அமைத்தார். இந்தப் பகுதி வணிகத்தைக் கையில் வைத்திருந்த கடலோர சில்காட் டிலிங்கிட் மக்கள் 1852-இல் வந்து அதைக் கொள்ளையடித்து மூடவைத்தார்கள். இப்போதுள்ள மரவீடுகள் அதற்குப் பிந்தியவை. செல்கர்க் பூர்வகுடியும் யூகான் அரசும் சேர்ந்து பராமரிக்கின்றன. பள்ளிக்கூடத்துக்குள் போய்ப் பெஞ்சில் உட்காரலாம். ஒரு நாள் முழுக்க இங்கே தங்குங்கள். எதிர்க்கரையில் கறுப்பு எரிமலைப் பாறைச் சுவர், மாலை வெயிலில் பார்க்க வேண்டியது.

இரண்டு நாள் கழித்து இடப்பக்கம் வைட் ஆறு வந்து கலக்கும். பனிப்பாறை அரைத்த மாவையும் எரிமலைச் சாம்பலையும் அள்ளிக்கொண்டு வருவதால் யூகான் அதோடு சாம்பல் நிறக் கஞ்சியாகிவிடும். துடுப்பை நிறுத்திக் காதைத் தீட்டினால் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓயாத சத்தம் கேட்கும். மண்துகள் படகின் அடியில் உரசுவது அது. முதலில் படகு ஓட்டை என்றே நினைத்தேன்.

குடிநீருக்கு இனி ஆற்றை நம்ப முடியாது. வடிகட்டியில் ஊற்றினால் ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். வைட் கலப்பதற்கு முன்பே எல்லாப் பாத்திரத்தையும் நிரப்பி, அப்புறம் தெளிந்த பக்க ஓடைகள் வரும்போதெல்லாம் நிரப்பிக்கொள்ளுங்கள். வழி இல்லாவிட்டால் இரவில் வாளியில் தெளியவைத்து மேல்நீரை எடுத்துக் காய்ச்சலாம். தெளிந்த நீரானாலும் காய்ச்சாமலோ வடிகட்டாமலோ குடிக்க வேண்டாம், பீவர் என்ற விலங்கு இருக்கும் ஓடையில் வயிற்றைக் கெடுக்கும் ஜியார்டியா என்ற நுண்ணுயிர் இருக்கும், அப்புறம் கூடாரத்துக்கும் புதருக்கும் நடந்தே மீதி விடுமுறை போய்விடும். சேற்றுநீரில் ஆழமும் தெரியாது. தீவுகளும் கிளைகளும் நிறைய. குழப்பமாக இருந்தால் அதிக நீர் போகும் கிளையிலேயே போங்கள்.

டாசன்

கடைசி நாள் தூரத்தில் ஒரு மலையின் முகத்தில் பழைய நிலச்சரிவின் பெரிய வெளிறிய தழும்பு தெரியும். அதன் அடியில்தான் ஊர். 1898 மே 29-இல் வைட்ஹார்ஸுக்கும் மேலே உள்ள பென்னட் ஏரியின் பனி உடைந்ததும், கையால் அறுத்த பலகையில் கட்டிய 7,000-க்கும் மேற்பட்ட படகுகள் தங்கத்தை நினைத்துக்கொண்டு கிளம்பி இதே தழும்பைத் தேடிக்கொண்டு வந்தன. வந்து சேர்ந்தபோது நல்ல இடமெல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

வலப்பக்கம் தெளிந்த கிளாண்டைக் ஆறு வந்து கலக்கும். அதற்கு முன்பே வலது கரையை ஒட்டிவிடுங்கள், ஊர் அந்தப் பக்கம்தான், நீரோட்டமோ நிற்காது. குறுக்கே ஓடும் இலவச ஃபெர்ரிக்கு வழிவிட்டு, அதன் அலை அடங்கிய பிறகு கரைக்கு வாருங்கள். கூடாரம் போட வேண்டுமென்றால் எதிர்க்கரையில் அரசு முகாம் இருக்கிறது, அதே ஃபெர்ரியில் போய் வரலாம்.

படகைக் கழுவி, வாடகைக் கடை சொன்ன இடத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள். வைட்ஹார்ஸுக்குச் சாலையில் 530 கிலோமீட்டர் சொச்சம், ஆறேழு மணி நேரப் பயணம். மிச்சமிருக்கும் கேஸையும் பயன்படுத்தாத கரடி ஸ்ப்ரேயையும் விமானத்தில் ஏற்ற முடியாது என்பதால் முகாமில் ஆற்றுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருக்கும் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். எனக்கும் அப்படித்தான் ஒரு ஸ்ப்ரே கிடைத்தது.